மொரீஷியஸில் எட்டு மாதம்: வேலை லண்டனில், காலைப்பொழுது தீவில்

திரும்பி வந்த நாளிலிருந்து எங்களிடம் இரண்டு வகைக் கேள்விகள் வருகின்றன. முதல் வகை சத்தமாக வரும். "இன்டர்நெட் எப்பிடி? விசா எடுக்கிறது கஷ்டமோ? செலவு எவ்வளவு?" இரண்டாவது வகை கொஞ்சம் தாழ்ந்த குரலில், பெரும்பாலும் பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போன பிறகு வரும். "அங்க எங்கட ஆக்கள் இருக்கினமாமே. அவை தமிழ் கதைக்கினமோ?"

இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அதை முதலில் முடித்துவிடுவம்.

ஏன் மொரீஷியஸ்?

கோவிட் காலத்தில் பல சின்ன நாடுகள், வெளிநாட்டுக் கம்பனிக்கு ரிமோட்டாக வேலை செய்பவர்களுக்கென்று தனி விசா கொண்டுவந்தன. பார்படோஸ் 2020இல் தொடங்கியது. அதே ஆண்டு மொரீஷியஸும் 'பிரீமியம் விசா' என்று ஒன்றை அறிவித்தது. ஒரு வருடம் செல்லும், புதுப்பிக்கலாம். நாங்கள் விண்ணப்பித்தபோது கட்டணம் இல்லை. மாத வருமானம் குறைந்தது 1,500 அமெரிக்க டொலர் இருக்கவேண்டும், அது நாட்டுக்கு வெளியிலிருந்து வரவேண்டும். கூட வரும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இன்னும் 500 டொலர். மருத்துவக் காப்புறுதி வேண்டும். உள்ளூரில் வேலை எடுக்கக் கூடாது. விதிகள் மாறக்கூடியவை, ஆகவே அரசாங்கத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் 2023 செப்டம்பரில் போய் 2024 ஏப்ரல் கடைசியில் வந்தோம். நானும் கணவரும் மென்பொருள் வேலை, இரண்டு பேருக்கும் லண்டன் நேரம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. எங்களுக்குத் தீவைத் தெரிவு செய்தது கடற்கரை இல்லை, கடிகாரம். பாலியில் இருந்தால் குளிர்காலத்தில் லண்டன் வேலை மாலை 5 மணிக்குத் தொடங்கி நடுநிசி தாண்டி முடியும். பார்படோஸில் விடியற்காலை 5 மணிக்கு எழும்பவேண்டும். மொரீஷியஸ் லண்டனை விடக் கோடையில் 3 மணித்தியாலமும் குளிர்காலத்தில் 4 மணித்தியாலமும் முன்னுக்கு நிற்கிறது. அதாவது வேலை மத்தியானம் 12 அல்லது 1 மணிக்குத்தான் தொடங்கும். காலைப்பொழுது முழுக்க எங்களுக்கு.

லண்டனில் எங்கட வீட்டுக் காலை எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "ஷூவைப் போடு, கெதியா வா, பையை எடு." ஒரு நாளில் பிள்ளைகளோடு நான் கதைக்கிற தமிழில் பாதி இந்த ஏவல் வினைகள்தான்.

வேலை விஷயம்

விசாவை விடக் கஷ்டமானவை மூன்று. முதலாவது, வேலை கொடுப்பவரின் சம்மதம். தரவுப் பாதுகாப்பு, வரி என்று இரண்டு குழுக்கள் யோசிக்க நாலு மாதம் எடுத்தன. இரண்டாவது, வரி. 183 நாளுக்கு மேல் தங்கினால் அங்கேயும் வரிக் கணக்கில் வருவீர்கள். இதற்கு ஒரு கணக்காளரிடம் காசு கொடுத்துக் கேட்பதுதான் நல்லது. மூன்றாவது, பள்ளிக்கூடம். இங்கிலாந்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்து வீட்டில் படிப்பிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்த இடத்தை உங்களுக்காக யாரும் பிடித்து வைக்கமாட்டார்கள். திரும்பி வந்தபோது மகனுக்கு அதே பள்ளியில் இடம் கிடைத்தது, மகளுக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்டர்நெட் பிரச்சினையே இல்லை. வீட்டுக்கு வீடு ஃபைபர் இருக்கிறது. லண்டனுக்குப் போய் வரும் நேரம் எங்கள் வீட்டில் ஏறத்தாழ 200 மில்லி விநாடி. வீடியோ மீட்டிங்கில் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் கொஞ்சம் இடைமறிப்பார்கள், அவ்வளவுதான். சேவையகத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்தால்தான் எழுத்து பின்தங்குவது எரிச்சல் தரும்.

அந்தக் கேபிளைப் பற்றி ஒரு தகவல். மொரீஷியஸை உலகத்தோடு இணைக்கும் கடலடிக் கேபிள்களில் 'சேஃப்' என்று ஒன்று 2002இலிருந்து ஓடுகிறது. அது தென்னாபிரிக்காவில் தொடங்கி, ரெயூனியன், மொரீஷியஸ் தீவுகளைத் தொட்டு, கொச்சி போய், மலேசியாவின் பினாங்கில் முடிகிறது. தென்னாபிரிக்காவில் அது தொடும் இடங்களில் ஒன்று பழைய நேட்டால் கரை. படத்தில் பார்த்தபோது கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டேன். நேட்டால், ரெயூனியன், மொரீஷியஸ், மலாயா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப்போன இடங்கள் எல்லாம் ஒரே கம்பியில் வரிசையாக இருக்கின்றன.

கஷ்டங்களையும் சொல்லவேண்டும். காலை எங்களுக்குக் கிடைத்தது போல, இரவு எங்களிடமிருந்து போனது. குளிர்காலத்தில் வேலை முடிய இரவு ஒன்பதரை. பிள்ளைகளைப் படுக்கப்போடும் வேலையை ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறிச் செய்தோம். கார் இல்லாமல் சரிவராது. இறக்குமதிச் சாமான் விலை. பிறகு, புயல். நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை அங்கே புயல் காலம். எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை வகுப்பாக வரும். 2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயலின் மழை வந்தபோது ஆட்கள் காலையில் வேலைக்குப் போயிருந்தார்கள். தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. உயிரிழப்பும் நடந்தது. எங்கள் பக்கம் சில மணித்தியாலம் மின்சாரம் இல்லை. நான் லண்டன் குழுவுக்கு "இன்று வரமாட்டேன், புயல்" என்று செய்தி போட்டேன். "கடற்கரையிலயோ?" என்று ஒருவர் பகிடியாகக் கேட்டார். தீவில் இருக்கிறாய் என்றால் விடுமுறையில் இருக்கிறாய் என்றே மற்றவர்கள் நினைப்பார்கள். எட்டு மாதமும் அதைச் சுமக்கவேண்டும்.

கடற்கரையை விட்டு மேட்டில்

வெளிநாட்டு ரிமோட் ஆட்கள் பெரும்பாலும் வடக்கே கிராண்ட் பே, மேற்கே ஃபிளிக் அன் ஃபிளாக், தாமரின் என்று கரையோரம்தான் இருப்பார்கள். நாங்கள் நடுமேட்டில் கத்ர் போர்ன் என்ற ஊரில் ஒரு மேல்மாடி வீடு எடுத்தோம். வாடகை குறைவு. சூடும் குறைவு. கடற்கரைக்குக் காரில் அரை மணித்தியாலம்தான். தீவே வடக்குத் தெற்காக 65 கிலோமீட்டர், குறுக்காக 45. அடுத்த காரணம், ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் கோர் த கார்த் மலை. அந்த மலைச்சரிவில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. எங்கள் குசினி யன்னலால் மலை தெரியும்.

கீழ்வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். எழுபது தாண்டிய அம்மா, மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி. அந்த அம்மாவைப் பிள்ளைகள் 'தாந்தின்' என்று கூப்பிட்டார்கள். கிரியோலில் மாமி, ஆன்ரி மாதிரி. அவர்கள் குடும்பப் பெயர் ஆறுமுகம் என்பதன் பிரெஞ்சு எழுத்து வடிவம். தீவு முழுக்க இப்படித்தான். வீரப்பன், வைத்திலிங்கம், சுப்பிரமணியன் எல்லாம் எழுத்தர் காதில் விழுந்தபடி பதிவாகி, ஒரு பாட்டனின் பெயர் பரம்பரைப் பெயராக நிலைத்துவிட்டது. எங்களுக்கு இது புதிசில்லை. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் அப்பப்பாவின் சொந்தப் பெயர். ஹீத்ரோவில் படிவம் நிரப்பிய அப்பாவுக்கு அந்தப் பெட்டியில் வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் கிழமை தாந்தினோடு நான் தமிழில் கதைத்தேன். அவர் சிரித்தார். "வா", "உக்காரு", "சாமி", "புள்ள". அதற்கு மேல் அவரிடம் தமிழ் இல்லை. மிச்சம் கிரியோல். என்னிடம் பள்ளிக்கூடத்து பிரெஞ்சு. இரண்டையும் வைத்து எட்டு மாதம் ஓட்டினோம்.

சந்தையில் கேட்ட தமிழ்

கத்ர் போர்ன் சந்தையில் மரக்கறி வாங்கப் போனால் காது விழித்துக்கொள்ளும். கொத்தமல்லி இலைக்கு அங்கே 'கோத்தோமிலி'. கறிவேப்பிலைக்கு 'கரிபுலே'. முருங்கை இலைக்கு 'பிரெட் முரும்', பிரெட் என்றால் கீரை. பீர்க்கங்காய்க்கு 'பிப்பங்காய்'. ரசத்துக்கு 'ரசோன்'. இதைச் சொல்கிறவர்கள் தமிழர் மட்டும் இல்லை. ஆப்பிரிக்க வம்சத்தினர், சீனர், போஜ்புரிக்காரர் எல்லோரும் இதே சொல்லைத்தான் சொல்லிக் கட்டுக்கட்டாக வாங்குகிறார்கள். அவர்களுக்கு அது தமிழ்ச் சொல் இல்லை, கிரியோல் சொல்.

என் மகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக ஒரு சொல் பிடிப்பாள். லண்டன் கடையில் "கொரியாண்டர்" என்று சொல்லும் பிள்ளை, இங்கே கோத்தோமிலி கேட்டு வாங்கி, வீட்டுக்கு வரும் வழியில் கொத்தமல்லி என்று தம்பிக்குத் திருத்திச் சொல்வாள்.

சந்தையில் இன்னொன்றும் நடந்தது. நூறு ரூபாய் நோட்டைக் கொடுக்கப்போன மகன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எங்கட எழுத்து" என்றான். மொரீஷியஸ் நோட்டில் தொகை மூன்று மொழியில் இருக்கும். முதலில் ஆங்கிலம், அடுத்தது தமிழ், பிறகு இந்தி. நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் படமும் ஒரு தமிழருடையது, வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ரெங்கநாதன் சீனிவாசன். 1998இல் மத்திய வங்கி புது நோட்டு அடித்தபோது இந்தியை மேலேயும் தமிழைக் கீழேயும் போட்டுவிட்டது. தமிழ்ச் சமூகம் கொதித்தெழுந்தது. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அடித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த நோட்டுக்காகத் தெருவில் இறங்கிய ஆட்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வீட்டு மொழி கிரியோல். நோட்டில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவர்களும் அதில் நிச்சயம் இருந்திருப்பார்கள். வாசிக்கத் தெரியாத எழுத்துக்காக ஒருவர் இவ்வளவு தூரம் போவாரா? போவார். நாங்கள் அங்கே இருந்து விளங்கிக்கொண்டதில் இது ஒன்று.

பதினாறு படிகள்

போர்ட் லூயி துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்ற இடம் இருக்கிறது. 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கி ஏறிவந்த 16 படிகள் அங்கே இன்னும் இருக்கின்றன. கருங்கல், சின்னப் படிகள். மகன் இரண்டு தரம் ஏறி இறங்கினான்.

தமிழர் வருகை அதற்கு முன்னமே தொடங்கிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில், 1735இல் லாபூர்தொன்னே ஆளுநராக வந்த காலத்தில், பாண்டிச்சேரிப் பக்கமிருந்து கொத்தரும் தச்சரும் வந்தார்கள். போர்ட் லூயியைக் கட்டியதில் அவர்கள் கை இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களும் இருந்தார்கள். பிறகு பிரிட்டிஷ்காரர் தீவைப் பிடித்தார்கள். அடிமை முறை 1835இல் ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1834இலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ 5 இலட்சம் பேரை இந்தியாவிலிருந்து இறக்கினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த பீகார்ப் பக்கத்து ஆட்கள். சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் வந்தார்கள்.

முதல் ஒப்பந்தங்களில் காலம் 5 வருடம், ஆணுக்குக் கூலி மாதம் 5 ரூபாய், கூடவே அரிசி பருப்பு. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிற்காலத்தில் புகைப்படமும் எடுத்தார்கள். வேறொரு நாட்டு முதலாளிக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒருத்தி, தோளில் மடிக்கணினிப் பையோடு அந்தப் படியில் நிற்கிறேன். இரண்டையும் ஒப்பிட முடியாது. எங்களுக்கு விசாவும் திரும்பும் ரிக்கற்றும் இருந்தன. பிடிக்காவிட்டால் அடுத்த கிழமையே போகலாம். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசத்தைத்தான் முதலில் விளங்கப்படுத்தினேன்.

"அவை வரேக்கை தமிழ் கதைச்சவையோ?" என்று மகள் கேட்டாள்.

"ஓம்."

"பிறகு ஏன் தாந்தின் கதைக்கிறேல்லை?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் சின்னது. தோட்டத்தில் பல ஊர் ஆட்கள் சேர்ந்து வேலை செய்தார்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி தேவைப்பட்டது, அது கிரியோல். பிள்ளைகள் விளையாடினதும் அதில். காலப்போக்கில் கலியாணம் செய்ததும் சண்டை பிடித்ததும் அதில். யாரும் ஒருநாள் உட்கார்ந்து தமிழை விடுவோம் என்று தீர்மானிக்கவில்லை. தமிழால் செய்யவேண்டிய வேலை வீட்டில் ஒவ்வொன்றாகக் குறைந்தது.

அவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் அம்மம்மாவோட மட்டும்தானே தமிழ் கதைக்கிறன்" என்றாள்.

ஒருத்தி வாசிக்க, ஒருத்தி பொருள் சொல்ல

மொரீஷியஸ் அரசுப் பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கலாம். இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, மண்டரின், அரபு போல அதுவும் ஒன்று. 2012இலிருந்து கிரியோலும் சேர்ந்திருக்கிறது. புத்தகம் அரசாங்கம் கொடுக்கும், ஆசிரியர் சம்பளமும் அரசாங்கம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மண்டபம் வாடகைக்கு எடுத்து, ஆசிரியர் தேடி அலைந்த எங்கட அப்பா அம்மாக்களுக்கு இது கனவு மாதிரி இருக்கும்.

கீழ்வீட்டுப் பேத்தி தமிழ் எடுக்கிறாள். ஒருநாள் காலை அவளுக்கும் பள்ளி விடுமுறை. புத்தகத்தோடு மேலே வந்தாள். நான் தேத்தண்ணி போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரலை வைத்து எழுத்தெழுத்தாக, சுத்தமாக வாசிக்கிறாள். "ம-ர-த்-தி-ல் கு-ரு-வி இ-ரு-க்-கி-ற-து." வாசித்து முடித்துவிட்டு என் மகளைப் பார்க்கிறாள், பொருள் தெரியாது. என் மகளுக்கு 'ம' எழுத்தையே ஒழுங்காகத் தெரியாது, நாங்கள் அந்த வருடம்தான் தொடங்கியிருந்தோம். ஆனால் காதால் கேட்டதும், "தேர் இஸ் எ பேர்ட் இன் த ட்ரீ" என்று பட்டென்று சொல்கிறாள். அடுத்த வரி. ஒருத்தி வாசிக்க, ஒருத்தி பொருள் சொல்ல, அரை மணித்தியாலத்தில் பாடம் முடிந்தது. இரண்டு பேரும் சேர்த்தால் தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை.

இரண்டு பேரில் யாருக்கு அதிகம் தமிழ் தெரியும் என்று என்னைக் கேட்டால் சொல்ல முடியாது. பரீட்சையில் அவள் எடுப்பாள். அம்மம்மாவிடம் என் மகள் எடுப்பாள்.

அதற்குப் பிறகு கிழமையில் இரண்டு மூன்று காலைகள் அந்த மேசை அவர்களுக்கென்று ஆகியது. மகள் எழுத்துப் படித்தது என்னிடம் இல்லை, அவளிடம். லண்டனில் நான் கையைப் பிடித்து எழுதவைத்தபோது அழுதவள், அங்கே தோழிக்கு முன்னால் தோற்கக்கூடாது என்று படித்தாள். இதைச் செய்ய எங்களுக்கு வேண்டியிருந்தது நேரம் மட்டும்தான். அவசரமில்லாத ஒரு காலை. ரிமோட் வேலை எங்களுக்குக் கொடுத்ததில் பெரியது அதுதான், கடல் இல்லை.

பத்து நாள்

ஜனவரி 25ஆம் தேதி தைப்பூசம். மொரீஷியஸில் அது அரசாங்க விடுமுறை. 'காவடி' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் பத்து நாளும் கீழ்வீட்டில் மச்சம் இல்லை, மது இல்லை. மகன் தரையில் பாய் போட்டுப் படுத்தார். ஒன்பது வயதுப் பேத்தியும் விரதம். அன்று காலை மகன் கன்னத்தில் வேல் குத்திக் காவடி எடுக்க, பேத்தி பால்செம்பு எடுத்தாள். பூவாலும் தென்னங்குருத்தாலும் கட்டிய காவடிகள் வெயிலில் மலைப்பக்கம் ஊர்ந்தன. தார் வீதி சுட்டது. "அரோகரா" சத்தத்துக்குக் குறைவில்லை. வரிசையில் தமிழர் அல்லாதவர்களும் இருந்தார்கள், நேர்த்தி வைத்தவர்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் பாட்டுத்தாள். தமிழ்ப் பாட்டு, ஆங்கில எழுத்தில். ஒரு அட்சரம் பிசகாமல் பாடினார். பிறகு வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. ஏழு கறி என்பதே அங்கே ஒரு சாப்பாட்டின் பெயர்.

தாந்தின் என் பிள்ளைகளுக்கு இலை போட்டுவிட்டு என்னைக் கேட்டார், "உன் பிள்ளைகள் லண்டனில் பத்து நாளும் விரதம் இருப்பார்களா?"

"ஒருநாள் கூட இருந்ததில்லை" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பூசணிக்காய்க் கறி வைத்தார். நான் தமிழில் கதைத்தபோது அவர் சிரித்த அதே சிரிப்புத்தான்.

அங்கே 'தமுல்' என்று ஒருவர் தன்னைச் சொல்லும்போது மொழியைச் சொல்வதில்லை. கோயிலை, விரதத்தை, சாப்பாட்டை, பெயரைச் சொல்கிறார். 'இந்து' என்றால் அங்கே பேச்சுவழக்கில் வட இந்திய வம்சத்தினர். தமுல் வேறு. நாங்கள் லண்டனில் தமிழர் என்று சொல்லும்போது முதலில் மொழியைத்தான் நினைக்கிறோம். அவர்கள் வைத்திருப்பதில் பலது எங்களிடம் இல்லை. எங்களிடம் இருப்பதில் ஒன்று அவர்களிடம் இல்லை. அவர்களைப் பார்த்து "ஐயோ, தமிழ் போயிட்டுதே" என்று கவலைப்பட நாங்கள் யார்? அவர்கள் வந்து ஆறேழு தலைமுறை. நாங்கள் இரண்டு. எங்கட ஏழாவது தலைமுறை எந்தப் படியில் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் அங்கே தமிழ் தங்கிய இடங்களைக் கவனித்தேன். சந்தையில் தங்கியிருக்கிறது, ஏனென்றால் அந்தச் சொல் இல்லாமல் கறிவேப்பிலை வாங்க முடியாது. கோயிலில் தங்கியிருக்கிறது, அந்தப் பாட்டு இல்லாமல் பூசை நடக்காது. பெயரில், நோட்டில், இலைச் சாப்பாட்டில். தமிழுக்கு எங்கே ஒரு வேலை இருந்ததோ அங்கே நூற்றைம்பது வருடம் தாண்டியும் நிற்கிறது. வேலை இல்லாத இடத்தில், பாடப்புத்தகமும் அரசாங்கச் சம்பளமும் இருந்தும், அது பரீட்சை மதிப்பெண்ணோடு நின்றுவிடுகிறது.

எங்கள் வீட்டில் தமிழுக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்று, அம்மம்மாவோடு கதைப்பது. அம்மம்மாவுக்கு இப்போது 74 வயது.

வந்த பிறகு

எட்டு மாதம் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. மகன் கிரியோலையும் மறந்துவிட்டான், அங்கே படித்த பாதி எழுத்தையும் மறந்துவிட்டான். நாங்கள் கிழமையில் மூன்று நாள் மறுபடி அலுவலகம் போகிறோம். காலையில் "ஷூவைப் போடு" திரும்பி வந்துவிட்டது.

சில சின்ன விஷயங்களை மட்டும் பிடித்துவைத்திருக்கிறோம். சனிக்கிழமை மரக்கறிக் கடைப் பட்டியலை மகள் தமிழில் எழுதவேண்டும், கடையில் மகன் அதைக் கேட்டு எடுக்கவேண்டும். அவள் எழுதாத சாமான் வாங்குவதில்லை. ஒரு கிழமை வெங்காயம் இல்லாமல் சமைத்தோம். சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து ஒரு தேவாரம் பாடுவது பிள்ளைகளின் பொறுப்பு, எங்களுடையது இல்லை. ஒன்றைத் தமிழில்தான் செய்யமுடியும் என்று வீட்டில் இரண்டு மூன்று காரியத்தை ஒதுக்கினால், அதற்குப் பிறகு "தமிழில கதை" என்று கத்தவேண்டிய தேவை கொஞ்சம் குறைகிறது.

தீவுக்குப் போக யோசிக்கிறவர்களுக்குக் கடைசியாக இரண்டு வார்த்தை. உங்களுக்கு அனுமதி கிடைத்தால், பிள்ளைகள் பத்து வயதுக்குள் இருக்கும்போதே போங்கள். கரையோர விடுதிகளை விட்டு, கோயிலும் சந்தையும் இருக்கும் ஊரில் வீடு எடுங்கள். பவர் பேங்க் இரண்டு கொண்டுபோங்கள். பிளக் இங்கிலாந்து மூன்று முள்தான், மாற்றி தேவையில்லை. போகும்போது சின்ன வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றைப் பையில் வையுங்கள். கீழ்வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கலாம், பொருள் சொல்ல ஆள் இல்லாமல்.